துவைத்து எடுத்து வந்த சட்டை

இன்று காலை ஒரு தொப்பிக்காக மருமகளிடம் கத்திவிட்டேன். பாவம், பிரியாமேல் ஒரு தப்பும் இல்லை. அடுத்த மாதம் பிறக்கப் போகும் பிள்ளையின் துணிமணிகளுக்கு இடம் வேண்டும் என்று பீரோவை ஒழித்துக்கொண்டிருந்தாள். என் புடவைகளுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் டப்பா இருந்தது. அதைத் திறந்தவள், உள்ளே மடித்து வைத்திருந்த கிளி போட்ட பருத்தித் தொப்பியை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்து, "அய்ய, எவ்ளோ நாள் அழுக்கு!" என்று வாஷிங் மெஷின் பக்கம் நடந்தாள். முட்டிவலியை மறந்து பின்னாலேயே ஓடினேன். "அத வை! அதத் தொவைக்காத!" என்று நான் போட்ட சத்தத்துக்கு எதிர்வீட்டு நாய் பதில் சொன்னது.

"ஒரு தொப்பிக்கா அத்தே இப்படி?" என்றாள். கண் கலங்கிவிட்டது அவளுக்கு.

தொப்பியை வாங்கி மூக்கருகே கொண்டுபோனேன். கொஞ்சம் ஓ-து-கொலோன் சென்ட், கொஞ்சம் தேங்காய் எண்ணெய், ஆபரேஷன் தியேட்டருக்குள் போகுமுன் முழங்கைவரை தேய்த்துக் கழுவும் அந்தச் சோப்பு கொஞ்சம். மூன்றும் சேர்ந்தால் நீ, சிநேகிதி. நீ போய் இத்தனை காலத்துக்குப் பிறகும் டப்பாவுக்குள் நீ இருந்தாய். அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

ஊரில் உள்ள ஆபரேஷன் தியேட்டரில் எல்லோரும் பச்சைத் தொப்பி மாட்டிக்கொண்டு நிற்கையில், நீ மட்டும் பிள்ளைகளுக்குக் கவுன் தைக்கிற துணியில் தொப்பி தைத்து வைத்திருந்தாய். கிளி, மீன், தர்பூசணி, சைக்கிள். இன்றைக்கு எது என்று பிள்ளைகள் சொல்வார்கள், அது உன் தலையில் ஏறும். தலை நரைத்த அறுவை மருத்துவர் தலையில் தர்பூசணியா என்று நான் கேட்டதற்கு நீ சொன்னது நினைவிருக்கிறது. "பச்சத் தொப்பி போட்டா எல்லா டாக்டரும் ஒரே மாதிரி இருக்காங்கடி. வந்திருக்கிறது யாருன்னு பிள்ளைக்குத் தெரியணும்ல?"

மருத்துவக் கல்லூரியில் நாம் ஒரே பெஞ்சு. நீ குழந்தைகளுக்கு அறுவை செய்பவள் ஆனாய், நான் மயக்க மருந்து கொடுப்பவள் ஆனேன். உன் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர். அண்ணன்மார் இருவரும் பிரான்சிலேயே தங்கிவிட்டார்கள். நீயும் போனால் வரமாட்டாய் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். போனாய், படித்தாய், திரும்பி வந்தாய். வந்தவள், புதுச்சேரியில் உங்கள் குடும்பத்துப் பழைய வீட்டை இடித்துக் கட்டி, குழந்தைகளுக்கு மட்டும் என்று ஒரு ஆஸ்பத்திரி ஆரம்பித்தாய். "வாயேன்" என்று ஒரே ஒரு வார்த்தைதான் என்னிடம் சொன்னாய். சிடுமூஞ்சி என்று பேரெடுத்த என்னை ஏன் கூப்பிட்டாய் என்று கடைசிவரை நான் கேட்கவில்லை.

முதல் நாள் உள்ளே நுழைந்ததும் ஏதோ ஒன்று குறைகிறது என்று பட்டது. மருந்து வாசனை இருந்தது, சலைன் பாட்டில் தொங்கியது, நர்சுகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். எல்லாம் இருந்தும் ஏதோ இல்லை. வராந்தாவின் கடைசிவரை போன பிறகுதான் பிடிபட்டது. அழுகைச் சத்தம் இல்லை. சுத்தமாக அழுகையே இல்லை என்று சொன்னால் பொய். ஊசி ஊசிதான், குத்தினால் வலிக்கும். ஆனால் பிள்ளைகள் ஆஸ்பத்திரிகளில் நான் வருஷக்கணக்காகக் கேட்டுப் பழகிப்போன ஒரு அழுகை உண்டு. தன்னைத் தனியாக விட்டுவிட்டார்கள் என்று தெரிந்துபோன பிள்ளை அழுகிற அழுகை. அது அங்கே இல்லை. அந்த வராந்தாவில் நின்றபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது என்பதை உன்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. சொன்னால் உனக்குத் தலைக்கனம் ஏறிவிடும் என்று விட்டுவிட்டேன்.

ஒவ்வொரு பிள்ளையின் கட்டிலோடும் ஒட்டி இன்னொரு பெரிய கட்டில் போட்டிருந்தாய். அம்மாவோ அப்பாவோ அதில் படுத்துக்கொள்ளலாம், பிள்ளையின் கை எட்டும் தூரத்தில். பின்கட்டில் ஒரு சமையலறை, யார் வேண்டுமானாலும் போய்த் தன் பிள்ளைக்கு ரசம் வைத்துக்கொள்ளலாம். மருத்துவர்கள் ரவுண்ட்ஸ் வரும்போது நாங்கள் நிற்கக் கூடாது, குட்டி ஸ்டூலில் உட்கார வேண்டும். முதலில் பேசுவது டியூட்டி டாக்டர் இல்லை, அம்மா. "நேத்தி சாயங்காலத்துலேர்ந்து இவன் மூஞ்சே சரியில்லீங்க" என்று ஒரு அம்மா சொன்னால், காய்ச்சல் அளவைப் பார்க்குமுன் நீ அந்த முகத்தைத்தான் பார்ப்பாய். எத்தனை முறை அது சரியாக இருந்திருக்கிறது! ஊசி போட்டு முடித்ததும் அந்தப் பிள்ளைக்கு நீ பிரெஞ்சில் ஒரு "மெர்சி" சொல்வாய். பெரிய உதவி செய்தவருக்குச் சொல்வது போல, தலையைக் குனிந்து. கொஞ்ச நாளில் பிள்ளைகளும் பதிலுக்கு "மெர்சி" என்று சொல்லத் தொடங்கின. ஊசி போட்டவளுக்கே நன்றி சொல்லும் கூத்தை வேறெங்கே பார்ப்பது?

பார்வையாளர் நேரம் என்று ஒரு பலகை அந்தக் கட்டிடத்தில் கிடையாது. மணியும் கிடையாது. ஏன் என்று ஒருநாள் டீ குடிக்கும்போது நீயாகவே சொன்னாய். சின்ன வயதில் உன்னை ஏதோ காய்ச்சலுக்காகப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் சேர்த்திருந்தார்கள். சாயங்காலம் கொஞ்ச நேரம் அம்மாவை உள்ளே விடுவார்கள். அப்புறம் ஒரு மணி அடிக்கும். "மணி அடிச்சா அம்மா போயிடுவாங்க. அவங்களுக்குத்தான் என்னப் பிடிக்கலன்னு நெனச்சேன். மணிதான் அனுப்புதுன்னு தெரியலடி." இதைச் சொல்லிவிட்டு பிஸ்கட்டை டீயில் முக்கினாய். உன் ஆஸ்பத்திரி எதிலிருந்து முளைத்தது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

இதெல்லாம் வார்டோடு இருந்தவரை எனக்கு ஆட்சேபம் இல்லை. தியேட்டர் என் ராஜ்ஜியம். அதன் வாசல்வரை நீ வந்தபோதுதான் சண்டை மூண்டது. மயக்க மருந்து மாஸ்க் வைக்கும்போது பிள்ளை இரண்டு விஷயங்களைத் தானே முடிவு செய்ய வேண்டும் என்றாய். ஒன்று, மாஸ்கில் என்ன வாசனை வேண்டும். இரண்டு, தூங்கும்வரை கூட யார் இருக்க வேண்டும். ஒரு தட்டு நிறைய எசன்ஸ் பாட்டில் வாங்கி வைத்தாய்: வெனிலா, வாழைப்பழம், பைனாப்பிள், ரோஜா. நான் தலையில் அடித்துக்கொண்டேன். "இது ஆஸ்பத்திரியா, பேக்கரியா?" என்றேன். ஆனால் மாஸ்கைக் கண்டாலே திமிறும் பிள்ளைகள், தாங்களே தேர்ந்தெடுத்த வாசனை என்றதும் ஆர்வமாக மூக்கை நீட்டின. பாட்டியைக் கூப்பிட்ட பிள்ளை உண்டு, அண்ணனைக் கூப்பிட்ட பிள்ளை உண்டு. ஒரு பொடியனுக்குக் காபி வாசனை வேண்டுமாம். உன் பிளாஸ்கிலிருந்து இரண்டு சொட்டு எடுத்துப் பஞ்சில் நனைத்து வைத்தோம். பிள்ளை எதைக் கேட்டாலும் யாரும் சிரிக்கக் கூடாது, தேடிக் கொண்டுவர வேண்டும். அது உன் சட்டம்.

அந்தச் சட்டத்தின் கழுத்தைப் பிடித்தவள் தர்ஷினி.

அரியாங்குப்பத்திலிருந்து வந்த ஒன்றாம் வகுப்புக் குழந்தை. சிறுநீரகத்தில் கட்டி. வயிறு ஒரு பக்கம் புடைத்திருந்தது. அந்த வகைக் கட்டியை முழுசாக எடுத்துவிட்டால் பிள்ளை பிழைத்துக்கொள்ள நிறைய வழி இருக்கிறது. உள்ளே உடைந்துவிட்டால் நோய் வயிறு முழுக்கச் சிதறிவிடும். 'வயிற்றை யாரும் அழுத்தக் கூடாது' என்று கட்டிலின் தலைமாட்டில் நீயே எழுதி ஒட்டினாய். திமிறக் கூடாது, முரட்டுத்தனமாகத் தூக்கக் கூடாது, அமுக்கிப் பிடிக்கவே கூடாது. ஆனால் தர்ஷினியோ, யாராவது கையில் எதையாவது வைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தாலே வில்லாக வளைந்து கத்துவாள். முன்னால் ஏதோ ஓர் இடத்தில் ஊசி போடும்போது அவளை அமுக்கிப் பிடித்திருக்கிறார்கள். அந்தப் பயம். தூக்க சிரப்பை என் புடவைமேலேயே துப்பினாள். அவளை அமைதியாகத் தூங்க வைக்க வேண்டும், இல்லையென்றால் உன் கத்தி தொடுமுன்னே கட்டி உடையலாம். அது என் வேலை.

தட்டைக் கொண்டுபோய் அவள் முன் வைத்தாய். பாட்டில்களை ஒவ்வொன்றாக முகர்ந்தாள். எல்லாவற்றையும் தள்ளி வைத்தாள்.

"எங்கப்பா வாசன," என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீ முறைத்த முறைப்பில் அடங்கிப்போனது. "அப்பா கூடவே இருக்கட்டுமா?" என்று நீ கேட்டதற்கு அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு, "அவுரு வரமாட்டாரு" என்றாள். அம்மா அமுதா அவசரமாகக் குறுக்கே வந்து, அவர் நோணாங்குப்பத்தில் டூரிஸ்ட் போட் ஓட்டுகிறார், சீசன் நேரம், லீவு கிடைக்காது என்று என்னென்னவோ சொன்னாள். "பரவால்லம்மா. அவர் போட்ட சட்ட ஒண்ணு கொண்டாங்க, போதும்," என்றாய் நீ. எங்கள் எல்லோருக்கும் அது பிரமாதமான யோசனையாகத்தான் தெரிந்தது.

ஆபரேஷன் அன்று காலை அமுதா சட்டையோடு வந்தாள். புது பிளாஸ்டிக் பையில், பேப்பர் சுற்றி, பக்குவமாக எடுத்து வந்திருந்தாள். பிரித்தால் சர்ஃப் வாசனை தூக்கியடித்தது. இரண்டு தண்ணீரில் அலசி, கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டு, போதாக்குறைக்குக் காலரில் சென்ட்டும் அடித்திருந்தாள். தியேட்டருக்குள் போகப் போகிற சட்டை இல்லையா?

தர்ஷினி ஆசையாக முகத்தை அதில் புதைத்தாள். நிமிர்ந்தபோது உதடு கோணியிருந்தது. "இது எங்கப்பா இல்ல," என்றாள். அப்புறம் அழ ஆரம்பித்தவளை யாராலும் நிறுத்த முடியவில்லை. அந்த அழுகையோடு அவளைத் தூங்க வைக்க மாட்டேன் என்று நான் சொன்னேன். அன்றைய ஆபரேஷன் நின்றது.

அமுதா மூலையில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "ஆஸ்பத்திரிக்கு எப்பிடிங்க அழுக்குச் சட்டய எடுத்தாறது? நாலு பேரு இன்னா நெனைப்பாங்க?" நீ அவளைத் திட்டவில்லை. பக்கத்தில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாய். "தப்பு என்னுதும்மா. தொவைக்காம கொண்டாங்கன்னு சொல்லியிருக்கணும்," என்றாய். அதற்குப் பிறகுதான் அவள் உண்மையைச் சொன்னாள். முன்னால் அந்த இடத்தில் ஊசி போடும்போது பிள்ளையை அமுக்கிப் பிடித்தது அவள் புருஷன்தான். சீசனும் இல்லை, லீவும் இல்லை. ஆஸ்பத்திரி வாசலை மிதிக்க மாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறான்.

அன்று மத்தியானமே என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு நோணாங்குப்பம் போனாய். படகுத்துறையில் விசாரித்தால் அமுதாவின் புருஷன் ஏழுமலை அப்போதுதான் படகில் ஆள் ஏற்றிக்கொண்டிருந்தான். கூப்பிட்டுப் பேசுவாய் என்று பார்த்தேன். நீ நேராகப் போய் இரண்டு டிக்கெட் எடுத்தாய்! ஆரஞ்சு லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, காலேஜ் பிள்ளைகள் நடுவில் நாம் இரண்டு கிழடுகள். அவன் எழுந்து நின்று, எத்தனையோ ஆயிரம் முறை சொல்லித் தேய்ந்துபோன குரலில் சொன்னான்:

"ஜாக்கெட்ட இறுக்கிப் போட்டுக்குங்க. கைய வெளிய நீட்டாதீங்க. எழுந்து நிக்காதீங்க. போட்டு ஆடும், பயப்படாதீங்க. ஆடத்தான் செய்யும், கவுறாது."

எதிர்க்கரையில் எல்லோரும் மணலில் குதித்து ஓடினார்கள். நாம் நகரவில்லை. "மேடம், பீச் வந்துடுச்சி, எறங்குங்க," என்றான். "நாங்க பீச் பாக்க வரலப்பா. உன்னத்தான் பாக்க வந்தோம். தர்ஷினியோட டாக்டர்," என்றாய். அவன் முகம் வெளுத்துப்போனது. ஓடவும் முடியாது, ஒளியவும் முடியாது. நடுத்தண்ணீரில் ஆளைப் பிடிக்கும் தந்திரத்தை எந்தக் காலேஜில் படித்தாயோ!

கையிலிருந்த கயிற்றைச் சுருட்டினான், அவிழ்த்தான். பிறகு உடைந்தான். "ஊசி போட சொல்ல நான்தாங்க கைய கால புடிச்சேன். புடிங்கன்னாங்க, புடிச்சேன். வுடுப்பா, வுடுப்பான்னு என் மூஞ்சயே பாத்துக் கத்துச்சி. அன்னிலேர்ந்து ஊட்ல எங்கிட்ட வர்றதே இல்ல. நான் எந்த மூஞ்ச வச்சிக்கினு வர்றது?"

"மூஞ்ச அவ கேக்கலியே," என்றாய் நீ. "உன் வாசனையத்தான் கேக்குறா."

அவனுக்குப் புரியவில்லை. நீ எல்லாவற்றையும் சொன்னாய்: தட்டில் இருந்த பாட்டில்கள், அவள் தள்ளி வைத்தது, துவைத்து வந்த சட்டை, அவள் அழுதது. கேட்கக் கேட்க அந்த ஆள் தன் சட்டையையே குனிந்து பார்த்துக்கொண்டான். டீசலும் உப்பங்கழிச் சேறும் வியர்வையும் ஊறின காக்கிச் சட்டை. தன்மேல் இருக்கிற நாற்றத்தை உலகத்தில் ஒருத்தி கேட்டு அழுதாள் என்பதை அவனால் நம்ப முடியவில்லை. "நாளைக்கு வா. நல்லா சோப்பு போட்டுக் குளிச்சிட்டு வா. சட்ட மட்டும் இதே," என்றாய். அவன் தலையாட்டினான்.

காரில் ஏறியதும் நான் ஆரம்பித்தேன். அந்தச் சட்டையோடு என் தியேட்டருக்குள் அவன் நுழைய முடியாது என்றேன். சேறு, கிருமி, போதாததற்கு டீசல், பக்கத்தில் ஆக்சிஜன், உனக்குப் பைத்தியம் பிடித்திருக்கிறது என்றேன். பாலம் தாண்டும்வரை பொறுமையாகக் கேட்டுக்கொண்டாய். "சரி, அவன் உள்ள வர வேணாம். உன் மெஷினுக்கு அடியில சக்கரம் இருக்குல்ல?" என்றாய்.

மறுநாள் காலை, என் வாழ்க்கையில் முதல்முறையாக மயக்க மருந்து மெஷினைத் தியேட்டரை விட்டு வெளியே தள்ளிக்கொண்டு வந்தேன். பக்கத்திலேயே இருந்த விளையாட்டு அறையில், மரக்குதிரைக்கும் சொப்புச் சாமான்களுக்கும் நடுவே நிறுத்தி எல்லாவற்றையும் இரண்டு முறை சோதித்தேன். ஏழுமலை வந்தான். தலை ஈரம் காயவில்லை. அவன் பாக்கெட்டில் தீப்பெட்டி இருக்கிறதா என்று நானே தடவிப் பார்த்தேன். வாசலில் நின்றவன் கால் எடுத்து வைக்கவில்லை. தர்ஷினி அம்மா மடியிலிருந்து அவனைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்கத் துணியாமல் தரையைப் பார்த்தான். அமுதா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நீ பேச விடவில்லை.

அவளே இறங்கினாள். புடைத்த வயிற்றை ஒரு கையால் தாங்கியபடி மெல்ல நடந்து போய், அவன் சட்டை முனையைப் பிடித்து முகர்ந்தாள். பிறகு கையைத் தூக்கினாள். தூக்கச் சொல்லி.

அவன் மடியில் அவள் உட்கார்ந்தாள். மாஸ்கை நான் நீட்டவில்லை, அவள் கையில் கொடுத்தேன். "யாரு பிடிச்சிக்கிறது?" என்று கேட்டேன். "நானும் அப்பாவும்," என்றாள். அவன் நீட்டிய கைகளைப் பாதியில் நிறுத்தினான். அதே கைகள்தானே. என்ன சொல்வதென்று தெரியாமல் உன்னைப் பார்த்தான். "தெனம் சொல்றதச் சொல்லு," என்றாய். அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, மகள் காதருகே சொன்னான்:

"ஜாக்கெட்ட இறுக்கிப் போட்டுக்க. எழுந்து நிக்காத. போட்டு ஆடும், பயப்படாத. ஆடத்தான் செய்யும், கவுறாது கண்ணு."

அவள் முகத்தை அவன் மார்பில் சாய்த்து, மாஸ்கைத் தானே மூக்கில் வைத்துக்கொண்டாள். என் கையில் இருந்த மூச்சுப் பை உப்பி, சுருங்கி, உப்பி, சீராக ஓடத் தொடங்கியது. ஒரு திமிறல் இல்லை, ஒரு விசும்பல் இல்லை. கண் செருகும்போது அவள் விரல்கள் காக்கிச் சட்டையின் பொத்தானைப் பிடித்திருந்தன. நான் எத்தனை பிள்ளைகளைத் தூங்க வைத்திருக்கிறேன்! மருந்து தூங்க வைக்கிறது என்றுதான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். அன்று என் கண் முன்னால் நடந்தது வேறு. கோயிலிலும் மாதா சன்னிதியிலும் எனக்கு வராத ஒரு பயபக்தி, சொப்புச் சாமான் இறைந்து கிடந்த அந்த அறையில் வந்தது. கையெடுத்துக் கும்பிட வேண்டும் போல இருந்தது. கையில் மூச்சுப் பை இருந்ததால் தப்பித்தேன்.

பொத்தானிலிருந்து அந்த விரல்களைப் பிரித்தது நீ. "தூஸ்மான்," என்றாய் மெதுவாக, உனக்கே சொல்லிக்கொள்வது போல. ஆபரேஷன் நெடுகிலும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாய். கத்தரியை வாங்கும்போது, ரத்தக்குழாயைக் கட்டும்போது, கட்டியைச் சுற்றிலும் விரலால் விடுவிக்கும்போது. பிரெஞ்சில் 'மெதுவாக' என்று அர்த்தம், சின்ன வயதில் உன் தலையைச் சிக்கெடுக்கும்போது உன் அம்மா சொல்வாராம். கட்டி உடையாமல் முழுசாக வெளியே வந்தது. மாஸ்குக்கு மேலே தெரிந்த உன் கண்கள் ஒருமுறை என்னைப் பார்த்தன. அதற்குமேல் நீ கொண்டாடவில்லை. அவள் கண் விழிக்கும்போது முதலில் தெரிவது அந்தச் சட்டையாக இருக்க வேண்டும் என்று அவனை வரவழைத்து உட்கார வைத்துவிட்டுத்தான் கை கழுவப் போனாய்.

பிறகு மாதக்கணக்கில் மருந்து ஏற்றினார்கள். தலைமுடி முழுக்கக் கொட்டியது. உன் கிளித் துணியில் மிச்சம் இருந்ததை எடுத்து அவளுக்கு ஒரு குட்டித் தொப்பி தைத்துக் கொடுத்தாய். இரண்டு கிளித் தொப்பிகளும் வராந்தாவில் கைகோத்து நடந்ததைப் பார்த்து ஆஸ்பத்திரியே சிரித்தது. முடி மறுபடி வளர்ந்தது. பிள்ளை பிழைத்தாள்.

பல வருஷம் கழித்து உனக்கு வந்த நோயை எடுக்கத்தான் யாரிடமும் கத்தி இல்லை. கடைசி நாட்களில் பெரியவர்கள் ஆஸ்பத்திரி ஒன்றில் படுத்திருந்தாய். அங்கே பார்வையாளர் நேரம் உண்டு. அவர்களைக் குறை சொல்ல முடியாது, அது அவர்கள் ஒழுங்கு. சாயங்காலம் செக்யூரிட்டி வந்து குரல் கொடுத்ததும், "மணி அடிச்சாச்சு, போடி," என்று கண்ணை மூடிக்கொண்டே சொன்னாய். சிரிக்கத்தான் பார்த்தாய். "நான் போகல," என்றேன். நர்ஸ் என்னையும் உன்னையும் மாறி மாறிப் பார்த்தாள். போய் ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டாள். நீ என் விரலைப் பிடித்துக்கொண்டாய். மறுநாள் விடிந்த பிறகும் பிடித்திருந்தாய், மத்தியானம்வரை.

உன் அடக்கத்துக்கு ஊரே வந்திருந்தது. மாதா கோயிலில் பூசை. பிரான்சிலிருந்து அண்ணன்மார் வந்திருந்தார்கள். எல்லோரும் வெள்ளையும் சொள்ளையுமாக, இஸ்திரி கலையாமல் நின்றோம். சாம்பிராணிப் புகைக்கு நடுவே திடீரென்று டீசல் வாசனை அடித்தது. திரும்பினேன். ஏழுமலை. பக்கத்தில் கல்லூரிக்குப் போகிற வயதில் தர்ஷினி, நெடுநெடுவென்று. அவள் வெள்ளைச் சுடிதாரில் இருந்தாள். அவன் மட்டும் சேறு காய்ந்த காக்கிச் சட்டை. சுற்றி நின்ற சிலர் முகம் சுளித்து ஒதுங்கினார்கள். படகுத்துறையிலிருந்து நேரே வந்துவிட்டான் போலிருக்கிறது என்று நானும் நினைத்தேன்.

"வீட்டுக்குப் போய் மாத்திக்கிட்டு வர நேரமில்லையா ஏழுமலை?" என்று கிசுகிசுத்தேன்.

"லீவு போட்டு ஊட்லேர்ந்துதான் மேடம் வர்றேன்," என்றான். "தொவச்சத போட்டுக்கினு வந்தா எப்பிடி? யாரு வந்துக்கிறதுன்னு அவங்களுக்குத் தெரியணுமில்ல?"

பெட்டியருகே போய்க் குனிந்து நின்றான். அவன் நகரும்வரை பின்னால் வரிசை அப்படியே நின்றது. தர்ஷினி உன் நெற்றியைத் தொட்டு, "மெர்சி" என்றாள். அதுவரை அழாமல் இருந்த நான் அப்போதுதான் அழுதேன். அன்று சாயங்காலம் உன் அறையை ஒழிக்கும்போது, என்ன வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று உன் அண்ணன் சொன்னார். கதவுக்குப் பின்னால் கொக்கியில் மாட்டியிருந்த இந்தத் தொப்பியை எடுத்துக்கொண்டேன். துவைக்காததாகப் பார்த்து.

இதையெல்லாம் இன்று சாயங்காலம் பிரியாவிடம் சொன்னேன். காலையில் கத்தியதற்கு அதுதான் நான் கேட்ட மன்னிப்பு. எனக்கு வேறு மாதிரி கேட்கத் தெரியாது, உனக்குத்தான் தெரியுமே. அவள் நிறைமாத வயிற்றின்மேல் கையை வைத்தபடி முழுசாகக் கேட்டாள். டப்பாவைத் திறந்து தொப்பியை முகர்ந்து பார்த்தாள். "எனக்கு ஒண்ணும் வரலியே அத்தே," என்றாள். வராது. அவள் உன்னைப் பார்த்ததே இல்லை. மூடியை அவளே இறுக்கி மூடினாள்.

"அத்தே, நான் பெத்துக்கப் போறப்போ நீங்க கூட உள்ள வர்றீங்களா?" என்றாள்.

அவளுக்கு அம்மா இருக்கிறாள். என் மகன் இருக்கிறான். நான் கேட்கவே இல்லை. கூட யார் இருக்க வேண்டும் என்று ஆயிரம் பிள்ளைகளிடம் கேட்ட அந்தக் கேள்வியை வீட்டுக்குள் இருக்கிற பெண்ணிடம் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அவளாகவே பதிலைச் சொல்லிவிட்டாள், காலையில் தன்மேல் விழுந்து கத்திய சிடுமூஞ்சியைப் பார்த்து.

வருகிறேன் என்றேன்.

"பச்சத் தொப்பி போட்டுக்காதீங்க," என்றாள். "வலியில எனக்கு அடையாளம் தெரியாது."

உன்னுடையது டப்பாவிலேயே இருக்கட்டும். நாளைக்குக் கடைத்தெருவுக்குப் போய்க் கிளி போட்ட துணி கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டும். தைத்து வந்ததும் இப்போதிருந்தே தலையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் திரியப் போகிறேன். சமைக்கும்போது, தூங்கும்போது, மத்தியானம் உன்னை நினைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும்போது. பிரசவத்துக்குப் போகிற அன்று காலையில் அதை யாரும் துவைத்துவிடக் கூடாது.